மஞ்சள் ஸ்பிட்ஃபயரும் ஒரு கரண்டி கியர் ஆயிலும்

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத் தேடித்தான் வருவீர்கள். 1,85,000 ராண்ட். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு மேற்கே பைன்டவுனில், பழைய கார்களை மட்டும் விற்கும் ஒரு கடையில், 1969ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்று நிற்கிறது. 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று முன்கண்ணாடியில் அட்டை வைத்திருக்கிறார்கள். அந்த 'முழுமையாக' என்ற சொல்லுக்காக நான் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்தேன். முதல் வாரம் தனியாகப் போனேன். இரண்டாவது வாரம் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. காரைப் பற்றிச் சொல்லத்தான் விஷயம் நிறைய இருக்கிறது.

இந்தக் காரைப் பார்க்க எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், என் அப்பா கோயம்புத்தூர் காட்டூரில் பட்டறை வைத்திருந்தவர் என்பதுதான். எங்கள் பட்டறைக்கு அம்பாசிடர் வரும், ஃபியட் வரும். ஆனால் அப்பாவுக்குப் பிடித்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். சென்னையில் 1961 முதல் பத்தாண்டுகள் தயாரான அந்தக் காரை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பலர் தெருவில் பார்த்திருப்பீர்கள். அதன் முன்பாகம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். திறந்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். என் பள்ளிக்கூட விடுமுறைகளில் பாதி அந்த டயரின் மேல்தான் கழிந்தது. அப்பா கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எண் மாறினால் தலையில் குட்டு விழும்.

ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தம்பி. ஒரே சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே முன்சக்கர அமைப்பையும் அதே பின் ஆக்ஸிலையும் வைத்து, இருவர் மட்டும் உட்காரும் திறந்த காராக 1962இல் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. முன்மாதிரிக் கார் தயாராகி, கையில் பணமில்லாமல் திட்டம் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1961இல் லேலண்ட் நிறுவனம் டிரையம்ஃபை வாங்கியது. புது முதலாளிகள் கவன்ட்ரி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்த காரைக் கண்டு, இதைச் செய்யலாமே என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. எடை எழுநூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இன்று என் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் குடும்பக் கார் இதைவிட ஐந்நூறு கிலோ கனம்.

இப்போது பைன்டவுன் கார். நிறம் மஞ்சள். டிரையம்ஃப் அந்த நிறத்துக்கு வைத்த பெயர் மல்லிகை. என் மனைவி மதுரைக்காரி. படத்தைக் காட்டி இதுதான் மல்லிகை நிறம் என்றதும், "மல்லிகையைப் பார்க்காதவன் வைத்த பெயர்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் பெயின்ட் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு எங்கும் இல்லை. பம்பர் குரோமியத்தில் என் முகத்தின் நரையை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே மர டாஷ்போர்டைப் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மீட்டர்கள் நடுவில்தான் இருக்கும். அது பிழையன்று, மார்க் 3 வரைக்கும் அப்படித்தான். ஓட்டுநருக்கு நேரே வந்தது அதற்கு அடுத்த மாடலில்.

மூடியைத் திறந்தேன். என்னை அறியாமல் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பதறினார். "இது உட்காருவதற்காகவே செய்தது" என்றேன். அவருக்கு நகைச்சுவை எட்டவில்லை.

எஞ்சின் 1296 சிசி, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், புதிதாக இருந்தபோது 75 குதிரைத்திறன். எங்கள் ஊர் ஹெரால்டில் இருந்தது வெறும் 948 சிசி. இந்த எஞ்சின்களில் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். ஒருவரை உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் உள்ள கிராங்க் புல்லியை உற்றுப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், உள்ளே பாதி நிலா வடிவில் இருக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். தேய்ந்தவை ஒருநாள் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும். அதற்குப் பிறகு கிராங்க் ஷாஃப்டும் எஞ்சின் பிளாக்கும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். இந்தக் காரில் புல்லி அசையவே இல்லை. சிலிண்டர் ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு இருக்கைகளைப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். தென்னாப்பிரிக்காவில் 2006 தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டதால் இந்தக் கேள்வி முக்கியம். எஞ்சின் வேலை பார்த்த பட்டறையின் ரசீதையே எடுத்துக் காட்டினார். இந்த எஞ்சினைச் செய்தவர் யாரோ, தொழில் தெரிந்தவர்.

ஓட்டிப் பார்க்கவும் தாராளமாகவே விட்டார்கள். எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, குளூஃப், ஹில்கிரெஸ்ட் தாண்டி, போத்தாஸ் ஹில் வரை. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. முதல் கியருக்கு இதில் சின்க்ரோ, அதாவது கியர்ப் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் போட வேண்டும், அவசரப்பட்டால் உறுமும். அந்த உறுமலைக் கேட்டு நாற்பது வருடம் ஆகிறது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்பா தெருவை எட்டிப் பார்ப்பாரே, யார் அந்த ஓட்டத் தெரியாதவன் என்று, அந்தச் சத்தம்.

ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மூச்சு வாங்காமல் ஏறியது. வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. உட்காரும் இடம் எவ்வளவு தாழ்வென்றால், கையைத் தொங்கவிட்டால் விரல் தார்ச்சாலையைத் தொட்டுவிடும் என்று தோன்றுகிறது. பக்கத்தில் வந்த மினிபஸ் டாக்சியின் சக்கரம் என் தோளுக்கு நேரே சுழன்றது. எண்பதில் போனால் நூற்றிருபதில் போகிற உணர்வு. போத்தாஸ் ஹில்லில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில், சாலையோரக் கடை முன் ஒரே வளைப்பில் திருப்பினேன். ஆட்டோ ரிக்ஷாவைப் போலத் திரும்புகிறது. திரும்பும் வட்டம் ஏழே கால் மீட்டர்தான். இதில் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ராஜாக்கள்.

இறக்கத்தில் மட்டும் அப்பாவின் குரல் காதில் விழுந்தது. வளைவில் பாதியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்காதே என்பார். பின்சக்கரங்கள் இரண்டும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் மட்டும் கீல் போலத் தொங்குகின்றன. வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால், சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கி, காலை மடித்து உட்காருவதுபோல் ஆகிவிடும். அப்புறம் பின்பக்கம் நம் பேச்சைக் கேட்காது. அடுத்து வந்த மார்க் 4இல் ஸ்பிரிங்கின் பொருத்தும் முறையை மாற்றி இதை அடக்கினார்கள். மார்க் 3ஐ வாங்குகிறவர் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பழக வேண்டும். ஹில்கிரெஸ்ட்டில் வழக்கம்போல் பனிமூட்டம், அதைத் தொடர்ந்து தூறல். துணிக் கூரையை இழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இடது முழங்கால் மட்டும் நனைந்தது. அது ஒரு குறையே இல்லை.

முதல் சனிக்கிழமை அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னைத் தடுத்தது பழனி முருகன்.

வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் படம் அது. மெல்லிய துணியைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பழைய கார் பார்க்கப் போகிறவர் எல்லோரும் செய்வதுதான், பெயின்டுக்கு அடியில் இரும்பு இருக்கிறதா, பட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மட்கார்டில் முருகன் உறுதியாக நின்றார். கதவில் நின்றார். பின்மூடியில் நின்றார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்கிற தகரப் பெட்டிக்கு வந்ததும், இடப்பக்கத்தில் ஒரு சாண் தூரத்துக்கு நிற்க மறுத்து நழுவி என் உள்ளங்கையில் விழுந்தார். மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் விழுந்தார். இதற்கு மேல் ஒருவருக்கு என்ன சகுனம் வேண்டும்?

ஸ்பிட்ஃபயரில் சில் அலங்காரமன்று. ஹெரால்டின் சேசிஸில் வெளிப்பக்கமாக ஓடிய சட்டங்களை இதில் எடுத்துவிட்டார்கள், அந்தச் சுமையைத் தாங்குவது இந்தத் தகரப் பெட்டிகள்தான். அது துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பில் பாதி போனதுபோல. டர்பன் கடற்கரையின் உப்புக்காற்று, வீட்டுக் கம்பிக்கதவையே ஐந்து வருடத்தில் தின்றுவிடும். ஐம்பது வருடத் தகரத்தை விட்டுவைக்குமா?

அதனால்தான் அடுத்த வாரம் சாட்ஸ்வர்த் அண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நாற்பது வருடம் பேனல் பீட்டராக, கார் உடம்பின் தகரத்தைத் தட்டிச் சீர்செய்பவராக, வேலை பார்த்தவர். பிறந்தது கேட்டோ மேனரில். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின் கீழ் அங்கிருந்து கிளப்பப்பட்டு, சிறுவனாகச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். தேவாரம் பாடுவார், அட்சரம் பிசகாது. பேச்சென்று வந்தால் தமிழ் நான்கு வாக்கியத்துக்கு மேல் ஓடாது, ஆங்கிலம் வந்து கைகொடுக்கும். என்னைத் தம்பி என்பார், அதில் மட்டும் மாற்றமில்லை. வழியில் காரில் வரும்போதே சொன்னார்: "இந்தக் கார்களுக்கு எவ்வளவோ தகரம் தட்டியிருக்கிறேன் தம்பி. ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததில்லை. வெள்ளைக்காரத் துரையின் வண்டி, பட்டறையிலிருந்து வெளியே தள்ளிவிடத்தான் அனுமதி."

அவர் காந்தத்தைத் தொடவில்லை. காரிலிருந்து பத்தடி தள்ளி, குந்தி உட்கார்ந்து, இடப்பக்கக் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பீடியிருந்தால் பற்றவைத்திருப்பார் என்று தோன்றும் அளவுக்கு நிதானம். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்து, கதவின் பின்விளிம்பு இடைவெளியில் என் விரலை வைத்தார். கீழே என் சுண்டுவிரல் நுழைந்தது. மேலே வர வர இடைவெளி குறுகி, உச்சியில் ஒரு தீக்குச்சிகூட நுழையவில்லை. கதவை மெதுவாகத் திறந்து மூடினார். மேல்மூலையில் மல்லிகை மஞ்சள் லேசாக உரிந்து, அடியில் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. அரிசி அளவுதான். நான் போன வாரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவர் விளக்கியது இது. பழைய சில்லை அறுத்து எடுப்பதற்கு முன், கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்து, வண்டியின் உடம்பை இறுக்கிக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் சில் போன கணமே நடுப்பகுதி சற்றே தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். அதைக் கண்ணிலிருந்து மறைக்கத்தான் பட்டி. "பெயின்ட் அடித்தவன் கெட்டிக்காரன். அவனிடம் வண்டி வரும்போதே இது வளைந்துதான் வந்திருக்கிறது" என்றார்.

அடுத்தது என் முறை. அட்டையை விரித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்தேன். ஹெரால்டு வைத்திருந்த எவருக்கும் டிரனியன் என்ற சொல் தெரிந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான இரும்புத் துண்டு, கீழே ஒரு வெண்கலக் கட்டிக்குள் மரையில் சுழல்கிறது. அந்த வெண்கலக் கட்டிதான் டிரனியன். அதற்குள் போக வேண்டியது கியர் ஆயில், ஈபி 90. கிரீஸ் போடக் கூடாது. கிரீஸ் மேலே ஏறி மரை முழுவதும் பரவாது, ஓரிடத்தில் உறைந்து நின்றுவிடும். மேலிருந்து தண்ணீர் இறங்கும், இரும்பு மரை உள்ளுக்குள் அரிக்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் வீட்டு வாசலிலோ நெடுஞ்சாலையிலோ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த இரும்பு முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். அப்பா புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். "எண்ணெய் குடிக்கிற வாயில் களியைத் திணிக்காதே." மீறிய ஒருவன் அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பப்பட்டதை டயரின் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பைன்டவுன் காரின் டிரனியனில், எண்ணெய் ஏற்றும் இடத்தில், புத்தம்புது நிப்பிள். அதன் வாயில் சிவப்பு கிரீஸ், பற்பசைபோலப் பிதுங்கி நின்றது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, விரல் நுனியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். வழவழவென்று போக வேண்டியது, அரிசியில் கல் அகப்பட்டதுபோல நறநறத்தது. கடைக்காரரிடம் கேட்டேன். சந்தையிலேயே விலையுயர்ந்த கிரீஸ் போட்டோம் என்றார், பெருமையாக. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அதைத்தான் நான் நம்புகிறேன். அவருக்குத் தெரியாது, அவரிடம் வேலை பார்ப்பவருக்கும் தெரியாது. காரைப் புதுப்பித்தவர் கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் கைவண்ணம் காட்டிவிட்டு, படுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் கையை உதறிவிட்டார்.

பேரம் சுருக்கமாக முடிந்தது. இரண்டு சில்லையும் முறையாக மாற்றிப் பெயின்ட் அடிக்க நாற்பத்தைந்தாயிரம் ராண்ட் ஆகும் என்பது அண்ணன் கணக்கு. டிரனியன்களும் அந்த இரும்புத் துண்டுகளும் இரண்டு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். இந்தக் காருக்கு அனேகமாக எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்தச் செலவையெல்லாம் கழித்து 1,30,000க்குக் கேட்டேன். 1,75,000க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார். நீட்டிய ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. உள்ளது உள்ளபடி, பிறகு கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கு இந்நாட்டில் வழங்கும் ஆப்பிரிக்கான்ஸ் சொல். தனியாள் தனியாளுக்கு விற்றால் அது செல்லும். 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வியாபாரி இந்த ஒரு சொல்லை மட்டும் காட்டித் தப்பித்துவிட முடியாது. குறை இன்னது என்று சொல்லி நாம் ஒப்புக்கொண்டாலன்றி, ஆறு மாதம் வரை நமக்குக் கேட்க உரிமை உண்டு. சாலைத் தகுதிச் சான்றிதழ் தருகிறேன் என்றும் சொன்னார். தரட்டும். மரைக்குள் இருக்கும் துரு அந்தச் சான்றிதழில் வராது.

எனவே, இந்தக் கார் யாருக்கு? தானே கீழே படுக்கத் தயாராக இருப்பவருக்கு, முதலில் கேட்ட விலையிலிருந்து ஐம்பதாயிரம் குறைந்தால், தாராளமாக. அந்த எஞ்சினும் பெயின்டும் தனியாகச் செய்யப்போனால் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காதவை. ஞாயிற்றுக்கிழமை உம்ஹலங்கா கடற்கரைச் சாலையில் போய்ப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் வேண்டும் என்பவர்கள் தள்ளி நில்லுங்கள். அந்த டிரனியன்களை மாற்றும் வரை நெடுஞ்சாலையில் யாருமே ஓட்டாதீர்கள். இதைக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கிளம்பும்போது அண்ணன் அவரிடம் அனுமதி கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவி போடவில்லை. கியரை நடுவில் வைத்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். இறங்கும்போது அதைத் திரும்பப் பழையபடி வைக்கவில்லை.

போன வாரம் அலுவலக வேலையாகப் பைன்டவுன் போனபோது கடையை எட்டிப் பார்த்தேன். கார் அங்கேயே இருக்கிறது. அட்டையில் 1,85,000 அடிக்கப்பட்டு 1,65,000 என்று எழுதியிருந்தது. கடைக்காரர் யாரோடோ போனில் இருந்தார், கையை மட்டும் உயர்த்தினார். முன்சக்கரங்கள் இரண்டின் உள்பக்கத்திலும் வெள்ளை ஓட்டுத் தரையின் மேல் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயில்தான்.